‘100 கி.மீ.க்குள் விளைந்தது’ பலகை பற்றி, இயற்கை அங்காடிகளுக்கும் பசுமைக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள இயற்கை அங்காடி நண்பர்களுக்கும், குடியிருப்போர் சங்கங்களின் பசுமைக் குழுவினருக்கும் வணக்கம்.

காய்க் கூடைக்கு மேலே ‘100 கி.மீ.க்குள் விளைந்தது’ என்று ஒரு பச்சைப் பலகை. கடல் கடந்து வந்த பழத்துக்கு மேலே சிவப்பில், ‘12,000 கி.மீ. பயணம் செய்த பழம், யோசித்து வாங்குங்கள்.’ சில கடைகளில் இதைப் பார்க்கிறோம். பார்த்த பிறகு ஆப்பிளை எடுக்க வாடிக்கையாளருக்குக் கை கூசுகிறது. உங்கள் நோக்கத்தோடு எங்களுக்கு வழக்கு இல்லை. பலகையில் இருக்கும் எண்தான் தவறான எண் என்கிறோம். உணவு எவ்வளவு தூரம் வந்தது என்பதை வைத்து அது எவ்வளவு புகை கக்கியது என்று சொல்லிவிட முடியாது.

நாங்கள் குளிர்பதனக் கிடங்கு, லாரி புக்கிங், மண்டி வரவு, பழ இறக்குமதி என்று சரக்கு நகரும் வழியிலேயே வேலை பார்ப்பவர்கள். ‘இறக்குமதிக்காரர்கள் வேறு எப்படிப் பேசுவார்கள்’ என்று நீங்கள் நினைத்தால் அதில் தப்பில்லை. அதனால்தான் கணக்கை, நீங்களே காகிதத்தில் போட்டுப் பார்க்கும்படி, முழுதாக வைக்கிறோம். புகை என்று நாங்கள் எழுதும் இடமெல்லாம் கரியமில வாயுவும், அதற்கு ஈடாக மாற்றிக் கணக்கிட்ட மீத்தேன் முதலிய வாயுக்களும் அடக்கம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.68 கிலோ புகை, பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ. இந்த இரண்டு எண்கள் கையில் இருந்தால் பாதிக் கணக்கு முடிந்தது.

முதலில் வெங்காயம். நாசிக் பக்கத்து லாசல்காவிலிருந்து கோயம்பேட்டுக்கு ஏறத்தாழ 1,300 கி.மீ. பன்னிரண்டு சக்கர லாரியில் 20 டன் ஏறும், லிட்டருக்கு 4 கி.மீ. கொடுக்கும். அப்படியானால் 325 லிட்டர் டீசல், 870 கிலோ புகை. 20,000 கிலோவுக்குப் பங்கு போட்டால் கிலோவுக்கு 44 கிராம். லாரி திரும்பிப் போகும்போது காலியாகவே போகிறது என்று வைத்துக்கொண்டாலும் 87 கிராம்தான். உண்மையில் நெடுந்தூர லாரியைக் காலியாகத் திருப்பிக் கட்டுப்படியாகாது, ஏதாவது ஒரு சுமை பிடித்துக்கொண்டுதான் போவார்கள்.

இப்போது உங்கள் பச்சைப் பலகை வெங்காயம். 80 கி.மீ. தள்ளி ஒரு தோட்டம். குட்டி யானை ஒன்று காலையில் காலியாகப் போய், சரக்கை ஏற்றிக்கொண்டு வருகிறது. போக வர 160 கி.மீ., லிட்டருக்கு 16 என்றால் 10 லிட்டர், 27 கிலோ புகை. வண்டியில் 300 கிலோ இருந்தால் கிலோவுக்கு 90 கிராம். ஆயுத பூஜை வாரம் போல 750 கிலோ நிரம்ப ஏற்றினால் 36. ஆனால் கடை புதிது, விற்பனை குறைவு, எட்டு வகைக் காயும் சேர்த்து 120 கிலோதான் என்றால் 225 கிராம். நாசிக் வெங்காயத்தைவிட ஐந்து மடங்கு. வண்டி நிரம்பியதா, திரும்பும் வழியில் காலியா என்கிற இரண்டு கேள்விகள்தான் இந்தக் கணக்கைத் தீர்மானிக்கின்றன. கிலோமீட்டருக்கு மூன்றாவது இடம்.

இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது, கஷ்டமும் இல்லை. ஒரே திசையில் வாங்கும் மூன்று கடைகள் ஒரே நாளில் ஒரே வண்டியை அனுப்புங்கள். போகும்போது காலி கிரேட், கடைப் பிண்ணாக்கு, மட்கிய உரம் என்று தோட்டத்துக்குத் தேவையானதை ஏற்றி விடுங்கள். வாரம் நான்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதற்குப் பதில், கீரையை மட்டும் அடிக்கடியும் கிழங்கு, பூசணி, வெங்காயத்தை வாரம் ஒரு முறையும் எடுக்கலாம். மூன்று கடைக்காரர்கள் ஒரு வண்டிக்கு ஒத்துப்போவது சிரமம் என்பது தெரியும். யார் சரக்கை முதலில் இறக்குவது என்பதில்தான் சண்டை வரும். வாரம் மாற்றி வாரம் வரிசையை மாற்றிக்கொண்டால் ஓடும்.

அடுத்து, எல்லோர் வாயிலும் விழும் ஆப்பிள். காஷ்மீர் ஆப்பிளை ‘நம் நாட்டுப் பழம்’ என்று பச்சையிலும், நியூசிலாந்து ஆப்பிளைச் சிவப்பிலும் வைக்கிறீர்கள். சோப்பூரிலிருந்து சென்னைக்குச் சாலை வழி 3,000 கி.மீ. பக்கம். அட்டைப்பெட்டி இடத்தை அடைக்கும், எடை குறைவு. அதனால் 15 டன்தான் ஏறும். 750 லிட்டர் டீசல், 2,010 கிலோ புகை, பழத்துக்குக் கிலோவுக்கு 134 கிராம். மலைப்பாதையில் மைலேஜ் இறங்குவதையும், திரும்பும் வழியில் பாதி தூரம் காலியாக ஓடுவதையும் சேர்த்தால் 200 கிராமைத் தொடும். குளிர்சாதன லாரி என்றால் அதற்கும் மேல். நியூசிலாந்திலிருந்து கடல்வழி 11,700 கி.மீ. அளவு. குளிர்சாதனக் கண்டெய்னரில் ஒரு டன்னை ஒரு கி.மீ. நகர்த்த 20 கிராம் என்று வைத்தால் கிலோவுக்கு 234 கிராம். நான்கு மடங்கு தூரம், ஏறத்தாழ ஒரே புகை.

காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். காஷ்மீரில் ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை அறுவடை. நியூசிலாந்தில் பிப்ரவரியிலிருந்து மே வரை. அக்டோபரில் வாங்கும் காஷ்மீர் ஆப்பிள் புதுசு. அதே பழத்தை மே மாதம் வாங்கினால், அது புல்வாமா பக்கக் கிடங்கில் ஆக்சிஜனை 2 சதவீதம் அளவுக்குக் குறைத்து, பூஜ்யம் டிகிரி ஒட்டிய குளிரில் ஏழெட்டு மாதம் தூங்கி எழுந்து வந்தது. அத்தனை மாதமும் மின்சாரம் ஓடியிருக்கிறது, இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ புகை. அந்த மே மாதத்தில் கடல்வழி வரும் தெற்கு அரைக்கோளப் பழம் ஒன்றிரண்டு மாதத்துக்கு முன்னால் மரத்தில் இருந்தது. ஆக இலையுதிர் காலத்தில் காஷ்மீர், கோடையில் நியூசிலாந்தோ சிலியோ என்பது புகைக்கணக்கில் வெட்கப்பட வேண்டிய வாங்குதல் இல்லை. காஷ்மீர் விவசாயிக்குப் பணம் போக வேண்டும் என்பது தனிக் காரணம், நல்ல காரணம். 2025 செப்டம்பரில் ஜம்மு-ஸ்ரீநகர் நெடுஞ்சாலை அடைபட்டு ஆப்பிள் லாரிகள் வழியிலேயே நின்று அழுகியபோது, பட்காமிலிருந்து டெல்லிக்குப் பார்சல் ரயில் விட்டார்கள். ரயிலில் ஏறிய பழம் அதே தூரத்துக்கு லாரிப் பழத்தின் புகையில் மூன்றில் ஒரு பங்குகூடக் கக்காது. அந்தப் பழம் கிடைத்தால் உங்கள் பச்சைப் பலகையை அதற்குத் தாராளமாக மாட்டலாம்.

உங்கள் கடைக்கு வாடிக்கையாளர் எப்படி வருகிறார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 5 கி.மீ. தள்ளியிருந்து காரில் வந்து திரும்பினால் 10 கி.மீ., லிட்டருக்கு 15 என்றால் ஒன்றரைக் கிலோ புகை. மூன்று கிலோ காய் வாங்கியிருந்தால் கிலோவுக்கு அரைக் கிலோ. நியூசிலாந்திலிருந்து கப்பல் கக்கியதைப்போல் இரண்டு மடங்கு, அந்த ஐந்து கிலோமீட்டரிலேயே. ஸ்கூட்டர் என்றால் மூன்றில் ஒன்றாகக் குறையும். வேறு வேலையாக வந்தவர் வழியில் நின்று வாங்கினால் ஏறத்தாழ சைபர். ஒரு குட்டி யானை 25 கி.மீ. சுற்றி 40 வீட்டுக்குக் கூடை போட்டால் வீட்டுக்கு நூறு கிராம் பக்கம்தான் வரும். குடியிருப்புச் சங்கங்கள் செய்ய வேண்டியது இதைத்தான்: வாரம் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே வாசல். ‘எனக்கு மாலை வேண்டும், எனக்குக் காலை வேண்டும்’ என்று நாலு நேரம் கொடுத்தால் கணக்கு மறுபடி கெட்டுப்போகும்.

கடைக்குப் பின்பக்கம் இருக்கும் குளிர் அறை பற்றி எந்தப் பசுமைக் கூட்டத்திலும் யாரும் பேசிக் கேட்டதில்லை. வாக்-இன் கூலர்கள் பலவற்றில் ஆர்-404ஏ என்கிற குளிரூட்டும் வாயு ஓடுகிறது. அதில் ஒரு கிலோ காற்றில் கலந்தால் 3.9 டன் கரியமில வாயுவுக்குச் சமம். டன், கிலோ இல்லை. ஒரு நாற்பதடிக் குளிர்சாதனக் கண்டெய்னரில் 20 டன் ஆப்பிள் வரும், நியூசிலாந்திலிருந்து அந்தப் பயணம் முழுவதும் 4.7 டன் புகை. உங்கள் குளிர் அறையில் ஒன்றேகால் கிலோ வாயு கசிந்தால் அந்தக் கப்பல் பயணத்துக்குச் சரியாகிவிட்டது. சிவப்புப் பலகை மாட்ட வேண்டிய இடம் அந்தக் கம்ப்ரெஸர்.

இங்கே நடக்கும் தப்பு எல்லா ஊரிலும் ஒரே மாதிரி. அறை குளிரவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிடுகிறோம். அவர் கேஜ் மாட்டிப் பார்த்து, ‘கேஸ் கம்மி சார், டாப்-அப் பண்ணிடலாம்’ என்கிறார். நிரப்புகிறார், குளிர்கிறது, பணம் கொடுத்து அனுப்புகிறோம். ஆறு மாதத்தில் மறுபடியும் அதே கதை. அடைத்த குழாய்க்குள் ஓடும் வாயு பெட்ரோல் மாதிரித் தீர்ந்துபோகாது. குறைந்திருந்தால் கசிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். கசிகிற இடத்தில் வாயுவோடு எண்ணெயும் வெளியே வரும், தூசி ஒட்டி ஒரு கறுப்புப் பிசுக்குத் தெரியும். முதலில் குழாயை இணைக்கும் ஃப்ளேர் நட், பிறகு சர்வீஸ் வால்வு முனை, பிறகு உள்ளே இருக்கும் செம்புச் சுருள் என்று தேடச் சொல்லுங்கள். புளித்த மாவும் ஊறுகாயும் வைக்கும் அறையில் புளிப்பு ஆவி பட்டுச் செம்பு ஊசித் துளையாக அரிக்கும். சோப்பு நுரை தடவிப் பார்க்கலாம். அதற்கும் அகப்படாவிட்டால் இருக்கும் வாயுவைக் காற்றில் விடாமல் சிலிண்டரில் இழுத்துக்கொண்டு, நைட்ரஜன் ஏற்றி ஒரு நாள் முழுக்க அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்து, ஓட்டையை அடைத்த பிறகுதான் வாயு நிரப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் எத்தனை கிராம் நிரப்பினார் என்று தராசில் வைத்து எழுதி வாங்குங்கள். அந்த ஒரு நோட்டுப் புத்தகம் உங்கள் எல்லாப் பலகையையும்விட உண்மையைச் சொல்லும். புதிதாகப் பெட்டி வாங்குவதாக இருந்தால் புரொப்பேனில் ஓடுகிற ஆர்-290 பெட்டியைக் கேளுங்கள். சிறிய அளவுகளில் தாராளமாகக் கிடைக்கிறது, கசிந்தாலும் சூடேற்றும் திறன் சொற்பம்.

இட்லிக்கு வருவோம். சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் பர்மா உளுந்து இல்லாவிட்டால் நம் ஊர் மாவுக் கடைகள் பல மூடிக்கிடக்கும். ரங்கூனிலிருந்து சென்னைக்குக் கடலில் 1,850 கி.மீ. பக்கம். கிலோவுக்கு 40 கிராம் புகைகூட ஆகாது. உளுந்துச் செடி தனக்கு வேண்டிய தழைச்சத்தைத் தானே மண்ணில் பிடித்துவைக்கிறது, யூரியா அதிகம் கேட்பதில்லை. புகை நிறைய உள்ளது அதோடு நனையும் அரிசியில். தண்ணீர் தேங்கிய வயலில் காற்றுப் புகாமல் மண்ணில் மீத்தேன் உண்டாகிறது, அது நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் 28 மடங்கு சூடேற்றும். உலகச் சராசரியில் ஒரு கிலோ அரிசிக்கு 4 கிலோ பக்கம் புகை. அரிசி பக்கத்து வயலில் விளைந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. உளுந்துக்குச் சிவப்பும் அரிசிக்குப் பச்சையும் என்றால் பலகை தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது.

அரிசியை விடச் சொல்லவில்லை. நேரடியாக உழவரிடம் நெல் எடுப்பவர்கள் நீங்கள். அவர் வயலில் எப்படித் தண்ணீர் வைக்கிறார் என்று கேட்கும் வாய்ப்பு உங்களுக்குத்தான் உண்டு, மண்டியில் எடுக்கும் எங்களுக்கு இல்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் மீத்தேன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். செலவு ஒரு பிவிசி குழாய்த் துண்டு. 30 செ.மீ. நீளம், 10 முதல் 15 செ.மீ. விட்டம், கீழ்ப்பாதியில் சுற்றிலும் சிறு துளைகள். துளையுள்ள பாதி மண்ணுக்குள் போகும்படி வரப்போரமாக அடித்து இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் தரைமட்டத்திலிருந்து 15 செ.மீ. கீழே இறங்கியதும் மறுபடி 5 செ.மீ. நிற்கும்படி பாய்ச்சல். பூக்கும் பருவத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் மட்டும் வயலைக் காயவிடக் கூடாது, பதர் விழும். சொதப்பும் இடங்களும் தெரிந்ததுதான்: வயல் சமமாக இல்லையென்றால் ஒரு மூலை வெடிக்கும், இன்னொரு மூலை முழங்கால் சேறாக இருக்கும். நட்ட முதல் இரண்டு வாரம் காயவிட்டால் களை முந்திக்கொள்ளும். வாய்க்கால் முறைப்பாசனத்தில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத உழவர், வரும்போது நிரப்பித்தான் வைப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆழ்துளைக் கிணறு உள்ளவர்களிடம் தொடங்குங்கள்.

ஆழ்துளைக் கிணறு என்றதும் இன்னொரு கணக்கு. 500 அடி ஆழத்திலிருந்து 1,000 லிட்டர் தண்ணீர் ஏற்ற, மோட்டார் பம்பின் திறனையும் சேர்த்தால், 1.1 யூனிட் ஆகும். 0.8 கிலோ புகை. ஒரு கிலோ வாழைப்பழத்துக்கு 300 லிட்டர் பாய்ச்சியிருந்தால் கால் கிலோ புகை அதற்குள்ளேயே இருக்கிறது. ஆயிரம் அடி என்றால் இரட்டிப்பு. பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம் என்பதால் இந்தப் புகை யாருடைய பில்லிலும் வருவதில்லை. சொட்டுநீர்த் தோட்டத்து வாழையையும் வாய்க்கால் ஓரத்து வாழையையும், தூரம் ஒன்றாகவே இருந்தாலும், ஒரே பலகையில் போட முடியாது.

தூரத்தை வைத்து உணவை அளக்கும் யோசனை 1990-களில் பிரிட்டனில் பிறந்தது. பேராசிரியர் டிம் லாங் ‘உணவு மைல்’ (food miles) என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார், 1994-இல் அதைத் தலைப்பாக வைத்து ஓர் அறிக்கை வந்தது. அவருடைய கவலை புகை மட்டும் இல்லை. உணவு எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் மக்கள் சாப்பிடுகிறார்களே என்பதும்தான். பின்னால் வந்தவர்கள் அதைப் புகைமானியாக்கிவிட்டார்கள். 2006-இல் நியூசிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகம், பிரிட்டனுக்குக் கப்பலில் போகும் தன் நாட்டு ஆட்டிறைச்சி, பிரிட்டனிலேயே வளர்ந்த ஆட்டிறைச்சியைவிடக் குறைந்த புகையில் முடிகிறது என்று கணக்குக் காட்டியது. சொந்த நலன் அதில் இருந்தது, ஒத்துக்கொள்கிறோம். ஆனால் 2008-இல் அமெரிக்க வீட்டு உணவை அளந்த ஆய்வும் அதே பக்கம்தான் சாய்ந்தது: மொத்தப் புகையில் 83 சதவீதம் விளைவிப்பதில், உற்பத்தி இடத்திலிருந்து கடைக்கு வந்து சேரும் பயணத்தில் 4 சதவீதம். எங்கள் வாதத்துக்கு எதிரானதையும் சொல்லிவிட வேண்டும். 2022-இல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உரம், தீவனம், இயந்திரம் எல்லாம் நகர்ந்த தூரத்தையும் சேர்த்து, உணவுப் புகையில் 19 சதவீதம் போக்குவரத்து என்றார்கள். காய்கறி, பழத்தில் போக்குவரத்தின் பங்கு மற்ற உணவுகளைவிட அதிகம் என்றும் காட்டினார்கள். அது சரியாகவே இருக்கட்டும். காயும் பழமும் பெரும்பாலும் உள்நாட்டுச் சாலைகளில்தான் ஓடுகின்றன. மறுபடி நிரம்பாத வண்டி, காலியாகத் திரும்பும் வண்டி என்கிற இடத்துக்கே வந்து நிற்கிறோம்.

தூரத்துக்குக் கூச வேண்டிய இடம் ஒன்று உண்மையிலேயே உண்டு. விமானம். ஒரு டன்னை ஒரு கி.மீ. நகர்த்தக் கப்பல் 20 கிராம் கக்கினால், விமானம் 600 கிராமிலிருந்து ஒரு கிலோவுக்கு மேலும் போகும். உயரத்தில் கக்கும் புகையின் மற்ற விளைவுகளைச் சேர்ப்பதா விடுவதா என்பதைப் பொறுத்து எண் மாறும். உலக உணவுப் போக்குவரத்தில் விமானத்தின் பங்கு ஒரு சதவீதத்தில் ஆறில் ஒரு பங்குதான். ஆனால் 2005-இல் பிரிட்டன் அரசுக்காகப் போட்ட கணக்கில், அந்நாட்டு உணவுப் போக்குவரத்தில், டன்னையும் கிலோமீட்டரையும் பெருக்கிய அளவில், ஒரு சதவீதம் மட்டுமே விமானத்தில் வந்து, உணவுப் போக்குவரத்துப் புகையில் 11 சதவீதத்தைக் கக்கியது. அமெரிக்கச் செர்ரி சென்னைக்குப் பறந்து வந்தால் பழம் ஒரு கிலோவுக்குப் புகை 8 முதல் 14 கிலோ. நார்வே சால்மன் 5 முதல் 9. இதே கடையில் இவற்றின் பக்கத்தில் கிடக்கும் கப்பல் ஆப்பிள் கால் கிலோ. உங்கள் பலகையில் மூன்றும் ஒரே சிவப்பு.

எது பறந்து வந்தது என்று கண்டுபிடிக்க ஒரு நாட்டு வழி உண்டு. பறித்து இரண்டு வாரத்துக்குள் கெட்டுப்போகும் பண்டம், தொலைதூர நாடு, கையளவு டப்பா, கண்ணைப் பிடுங்கும் விலை: நான்கும் சேர்ந்தால் விமானம். ஆப்பிள், ஆரஞ்சு, பேரி, கிவி, பருப்பு, எண்ணெய் எல்லாம் கடல். புளூபெர்ரி இரண்டு வழியிலும் வரும், அங்கேதான் ஊகம் தோற்கும். பழத்தில் ஒட்டியிருக்கும் நான்கிலக்க எண் வகையையும் அளவையும்தான் சொல்லும், வந்த வழியைச் சொல்லாது. சரியாகத் தெரிய வேண்டுமானால் இறக்குமதியாளரின் சுங்கப் படிவத்தைக் கேளுங்கள். துறைமுகக் குறியீடு ‘ஐஎன்எம்ஏஏ1’ என்றிருந்தால் சென்னைத் துறைமுகம், ‘ஐஎன்எம்ஏஏ4’ என்றால் மீனம்பாக்கம் சரக்குப் பிரிவு. கூட வரும் சீட்டு ஏர்வே பில்லா (விமானச் சரக்குச் சீட்டு), பில் ஆஃப் லேடிங்கா (கப்பல் சரக்குச் சீட்டு) என்று பார்த்தாலும் போதும். விலை தெரிந்துவிடும் என்று கொடுக்கத் தயங்குவார்கள். விலைக் கட்டத்தை மறைத்து நகல் கொடுங்கள் என்று கேட்டால் கொடுப்பார்கள்.

இதே கத்தி நம் பக்கமும் வெட்டும். திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் முருங்கைக்காய், கறிவேப்பிலை, வாழை இலை எல்லாம் தினமும் பறக்கின்றன. சென்னையிலிருந்து லண்டனுக்கு 8,200 கி.மீ., ஒரு கிலோ முருங்கைக்காய்க்கு 5 முதல் 9 கிலோ புகை. சிங்கப்பூர் என்றால் தூரம் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றே கூட, புகையும் அப்படியே. நறுக்கி உறையவைத்துக் கப்பலில் போகும் முருங்கைக்காய்ப் பொட்டலம் லண்டனுக்குப் போய்ச் சேர அந்தப் புகையில் இருபதில் ஒரு பங்கு அளவுதான் ஆகும், சாம்பாரில் வித்தியாசம் தெரியாது. அவியலில் தெரியும். உங்களில் ஏற்றுமதியும் செய்கிறவர்கள் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிக் காட்டலாம்.

கடைசியாக வீண். தக்காளியில் மட்டும் அறுவடைக்குப் பின் 12.44 சதவீதம் வீணாகிறது என்று லூதியானாவின் அறுவடைப்பின் தொழில்நுட்ப மையம் 2015-இல் அளந்து சொன்னது. கடையில் நான்கு கீரைக்கட்டில் ஒன்று வாடி வெளியே போனால், மீதி மூன்றும் அதன் புகையைச் சுமக்கின்றன. போன கட்டு குப்பைமேட்டில் காற்றில்லாமல் மட்கி மீத்தேனாக வேறு வருகிறது. நாங்கள் அடிக்கடி பார்க்கும் தப்பு, எல்லாவற்றையும் ஒரே குளிர் அறையில் அடைப்பது. ஆப்பிளும் பழுத்த வாழையும், காயைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயுவை விடும், பக்கத்தில் இருக்கும் கீரை மஞ்சளாகும், வெள்ளரி குழையும். வாழை 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுக்கும், தக்காளி 12-க்குக் கீழே ருசி போய்ப் பஞ்சாகும். 4 டிகிரியில் ஓடும் அறைக்குள் ஆப்பிள், கீரை, கேரட் மட்டும், அதிலும் ஆப்பிள் மூடிய பெட்டியில். தக்காளி, வாழை, கத்தரி, வெள்ளரி வெளியே, ஈரச் சாக்கின் நிழலில். இரவு கடை மூடும்போது வெளியே போகும் கூடையைத் தராசில் வைத்து எழுதுங்கள். ஒரு மாதம் எழுதினால் எந்தக் காயை எவ்வளவு குறைத்து எடுக்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.

பக்கத்து உழவரிடம் வாங்குவதற்குக் காரணம் நிறைய இருக்கிறது. இடைத்தரகு குறைகிறது, காட்டுயாணமும் மாப்பிள்ளைச் சம்பாவும் புழக்கத்தில் நிற்கின்றன, கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறார். அதையெல்லாம் பலகையில் எழுதுங்கள். புகையைச் சொல்ல வேண்டுமானால் தூரத்தை அழித்துவிட்டு வேறு நான்கு விஷயங்களை எழுதும்படி கேட்டுக்கொள்கிறோம். மாதிரிக்கு இரண்டு:

ஆப்பிள், காலா ரகம். விளைந்தது நியூசிலாந்து. வந்த வழி கப்பல், பிறகு லாரி. பறித்தது மார்ச். சென்ற வாரம் வாங்கிய 100 கிலோவில் வீண் 4 கிலோ.

அரைக்கீரை. விளைந்தது திருவள்ளூர் பக்கம். வந்த வழி குட்டி யானை, சுமை 700 கிலோ, இரண்டு கடைகள் சேர்ந்து. பறித்தது இன்று காலை. சென்ற வாரம் வாங்கிய 100 கட்டில் வீண் 22 கட்டு.

இரண்டாவது பலகையின் கடைசி எண்ணை எழுதக் கை வராது என்பது எங்களுக்குத் தெரியும். அதையும் எழுதி மாட்டினால், அடுத்த வாரம் 80 கட்டு எடுத்தால் போதும்.

இப்படிக்கு,
கிடங்கிலும் மண்டியிலும் கணக்கு எழுதும் சிலர்